கண்ணாடிக்குக் கண்ணாடியே பசை

செல்போனிலும் டிவியிலும் பளிச்சிடும் ஓஎல்இடி திரைக்குள் இருப்பவை மெல்லிய கரிமப் படலங்கள். மின்சாரம் பாய்ந்தால் அவை ஒளிரும் என்பதை 1987-இல் கோடாக் ஆய்வகத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் நடைமுறைக்கு ஏற்றபடி செய்து காட்டினார்கள். ஈரமோ ஆக்சிஜனோ பட்டால் போதும், படலம் கெட்டுத் திரையில் கரும்புள்ளி விழும். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு மைக்ரோகிராம் நீராவிக்கு மேல் உள்ளே புகக் கூடாது என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. படலத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஓரத்தை எபாக்சி பசை போட்டு ஒட்டினால், அந்தப் பசையின் வழியாகவே நீராவி மெல்லக் கசிந்துவிடும்.

கண்ணாடியால் ஒட்டினால் கசிவு இருக்காது. ஆனால், எளிதில் இளகும் கண்ணாடித் தூளுக்கே 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஒட்டும் இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் படலமோ 100 டிகிரியைத் தாண்டினால் தாங்காது.

இதற்கு வழி கண்டு, அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 2006-இல் காப்புரிமை பெற்றது. கண்ணாடித் தூளில் வனேடியம், இரும்பு, தாமிரம் போன்ற உலோகங்களின் ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். குழைத்த தூளை மேல் கண்ணாடியின் ஓரத்தில் சட்டம்போலக் கோடிழுத்து, அடுப்பில் சுட்டு இறுகவைக்கிறார்கள். பிறகு படலம் உள்ள கண்ணாடியோடு சேர்த்து, கோட்டின் மேல் லேசரை நகர்த்துகிறார்கள். சுமார் 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த அகச்சிவப்பு ஒளி, தெளிந்த கண்ணாடியைச் சூடாக்காமல் கடந்துபோகும். கோட்டில் உள்ள உலோக ஆக்சைடு அதை உறிஞ்சிக்கொள்ளும், வெயிலில் கறுப்புச் சட்டை சுடுவதைப் போல. கோடு மட்டும் இளகி இரண்டு கண்ணாடிகளையும் பற்றிக்கொள்ளும். லேசர் நகர்ந்ததும் ஆறிவிடும். சூடு படலம் வரை பரவ நேரமிருக்காது.

ஆறும்போது ஒட்டும் கண்ணாடியும் திரைக் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் விரிசல் விழும். அதைத் தவிர்க்க, சூடேறினால் சுருங்கும் விசித்திரக் குணமுள்ள பீட்டா-யூக்ரிப்டைட் என்ற லித்தியம் சேர்மத்தையும் தூளில் கலக்கிறார்கள்.

மடங்கும் திரைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. கண்ணாடி ஒட்டு வளைந்தால் உடைந்துவிடும். அங்கே படலத்தின் மேலேயே மெல்லிய காப்பு அடுக்குகளைப் படியவைக்கிறார்கள். விறைப்பான கண்ணாடித் திரைகளில் லேசர் ஒட்டு வெற்றிகரமாகப் பயன்படுகிறது. ஈரத்துக்கு அஞ்சும் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களுக்கும் இதே உத்தியை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துவருகிறார்கள்.