கடுங்குளிரில் விரைவு மின்னேற்றி



குளிர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கேமரன் மலை. அங்கே இரவில் வெப்பநிலை 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே நாம் கம்பளிச் சட்டையைத் தேடுகிறோம். நீர் உறைந்து கட்டியாகும் பூச்சியப் பாகைக்கும் கீழே 20 பாகை, 30 பாகை என்று குளிர் மிகும் நாடுகளும் உலகில் உண்டு. அந்நாடுகளில் மின்சாரக் கார்கள் எவ்வாறு ஓடுகின்றன? அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் விரைவு மின்னேற்றிகளை மக்கள் நம்பியிருக்கலாமா? நம் நாட்டுச் சாலைகளிலும் மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில் இதனை நாம் அறிந்துகொள்வது நலம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். 2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் நடுவில் அமெரிக்காவின் சிக்காகோ நகரைக் கடுங்குளிர் தாக்கியது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்கியது. பொது மின்னேற்றி நிலையங்களின் முன் மின்சாரக் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. சில மின்னேற்றிகள் இயங்கவில்லை; இயங்கியவற்றிலும் மின்சாரம் மெல்லவே ஏறியது. காத்திருந்தபோதே சில கார்களில் மின்சாரம் தீர்ந்துபோயிற்று. அவற்றை இழுவை வண்டி கொண்டு அகற்ற வேண்டியதாயிற்று. வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைப்போரும் அங்கே காத்து நின்றனர். வண்டி நின்றால் அன்றைய வருவாயும் நின்றுபோகும். நாள் ஊதியத்தின் அருமையைத் தோட்டத்தில் உழைக்கும் நம் பெற்றோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

“மின்னேற்றி பழுது” என்பதே அன்று பலருடைய முறையீடு. அஃது ஓரளவே உண்மை. மற்றொரு காரணம் காருக்குள்ளேயே இருந்தது. அதனை விளங்கிக்கொள்ள, மின்னேற்றியின் வேலை யாதென முதலில் அறிதல் வேண்டும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறு மின்னோட்டம் எனப்படும். பேட்டரி என நாம் வழங்கும் மின்கலம் ஏற்பதோ நேர் மின்னோட்டம். வீட்டில் காரைச் செருகி வைத்தால், காருக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி முன்னதைப் பின்னதாக மாற்றிக்கொடுக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். சாலையோர விரைவு மின்னேற்றி இம்மாற்றத்தைத் தானே செய்து, மின்சாரத்தை நேரே மின்கலத்துக்குள் செலுத்துகிறது. தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோவாட் ஆற்றல் தேவை. விரைவு மின்னேற்றிகளோ 50 கிலோவாட் முதல் 350 கிலோவாட் வரை தர வல்லவை. எனினும் எவ்வளவு பெற்றுக்கொள்வது என்பதைக் காரே முடிவு செய்கிறது. “இவ்வளவு போதும்” என்று கார் சொன்னால், அதற்கு மேல் ஒரு துளியும் மின்னேற்றி தருவதில்லை.

குளிரில் கார் ஏன் அவ்வாறு சொல்கிறது? இன்றைய மின்சாரக் கார்களில் லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. இவ்வகை மின்கலம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்கியமைக்காக மூன்று அறிஞர்கள் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். மின்கலத்தின் ஒரு பக்கத்தில் கிராபைட் உள்ளது. நம் பென்சிலில் இருக்கும் கரியும் அதுவே. மின்சாரம் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தைக் கடந்து வந்து, கிராபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து அமர்கின்றன.

நம் பள்ளியில் காலை மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையாக வகுப்பறைக்குள் சென்று தத்தம் இருக்கையில் அமர்வதைப் போன்றது இது. வரிசை மெல்ல நகரும் வேளையில் பின்னாலிருந்து கூட்டத்தை நெருக்கித் தள்ளினால் என்ன ஆகும்? உள்ளே செல்ல இயலாதவர்கள் வாயிலிலேயே குவிந்துவிடுவார்கள். கடுங்குளிரில் மின்கலத்துக்குள் நிகழ்வதும் அதுவே. குளிர்ப் பெட்டியில் வைத்த தேங்காய் எண்ணெய் இறுகுவதை நாம் பார்த்திருக்கிறோம். மின்கலத்தின் திரவமும் குளிரில் குழம்பெனத் தடித்து, அயனிகளின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. அந்நிலையில் மின்சாரத்தை விரைவாகச் செலுத்தினால், அயனிகள் கிராபைட்டுக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அதனால் மின்கலத்தின் ஆயுள் குறையும். உள்ளே மின்கசிவு நேரும் இடரும் உண்டு. ஆகவேதான் காரின் காவல் கருவி, மின்கலம் சூடேறும் வரையில் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது.

நியூயார்க் நகரில் வாடகைக்கு ஓடிய மின்சாரக் கார்களின் பதிவுகளை அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடத்தினர் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். 25 பாகை வெப்பத்தில் விரைவு மின்னேற்றியில் 30 நிமிடத்தில் ஏறும் மின்சாரத்தைவிட, பூச்சியப் பாகையில் அதே நேரத்தில் ஏறுவது ஏறத்தாழ 36 விழுக்காடு குறைவு என அவர்கள் கண்டனர். ஒவ்வொரு காரும் கூடுதல் நேரம் நின்றால், பின்னால் உள்ள வரிசை எவ்வளவு நீளும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மின்னேற்றியின் மீது குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. குளிரில் அதன் தடித்த கம்பி விறைத்து, வளைக்கக் கடினமாகிறது. செருகும் முனையில் ஈரம் புகுந்து உறைந்தால், பூட்டும் ஊசி சிக்கிக்கொள்ளும். சாலையிலிருந்து தள்ளப்படும் பனி அதன் முன்னே குவிந்து வழியை மறைக்கும். இவையன்றி, குளிருக்குத் தொடர்பில்லாத பழுதுகளும் உண்டு. பனி அரிதான சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2022இல் ஆய்வாளர்கள் 657 விரைவு மின்னேற்று முனைகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒழுங்காக இயங்கியவை 72.5 விழுக்காடே. பணம் செலுத்தும் கருவி பழுது, திரை பழுது, தொடர்பு அறுதல் போன்றவை ஏனையவற்றின் குறைகள். வெப்பமான ஊரில் இத்தகைய குறை இருந்தால் மக்கள் சலிப்போடு அடுத்த நிலையத்துக்குச் செல்வர். உறைபனியில், மின்சாரம் தீரும் தறுவாயில் உள்ளவருக்கு அவ்வழியும் இல்லை. அமெரிக்க அரசு, தன் நிதியுதவி பெறும் மின்னேற்றிகள் ஆண்டில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் இயங்க வேண்டும் என 2023இல் விதித்தது. எஞ்சும் 3 விழுக்காடு ஏறத்தாழ 11 நாள்கள். அந்த 11 நாள்களும் கடுங்குளிர் நாள்களாகவே அமைந்துவிட்டால் மக்கள் படும் துன்பம் பெரிதன்றோ?

அப்படியாயின் குளிர் நாடுகளுக்கு மின்சாரக் கார் ஒவ்வாததா? நார்வே நாட்டைப் பாருங்கள். அதன் வட பகுதி துருவ வட்டத்துக்குள் அமைந்துள்ளது. அந்நாட்டில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்களே. அங்கும் குளிர் மின்கலத்தை விட்டுவைப்பதில்லை. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் 2020 முதல் குளிர்காலத்தில் கார்களை ஓட்டிச் சோதித்து, எந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் மின்சாரம் ஏறுகிறது என்று மக்களுக்கு அறிவித்து வருகிறது. அங்குப் பலர் இரவில் வீட்டிலேயே காரைச் செருகி வைக்கின்றனர். புறப்படும் முன்பே, வீட்டு மின்சாரத்தைக் கொண்டு காரைச் சூடேற்றிக்கொள்கின்றனர். நெடுவழிப் பயணத்தில் ஒரே நிலையத்தை நம்பியிராதபடி பல மின்னேற்றிகள் ஓரிடத்தில் அமைக்கப்பட்டுள்ளன.

இன்னொரு வழியும் உண்டு. எந்த மின்னேற்றி நிலையத்துக்குச் செல்கிறோம் என்பதைக் காரின் வழிகாட்டிக் கருவியில் முன்னரே குறித்துவிட்டால், பல புதிய கார்கள் செல்லும் வழியிலேயே தம் மின்கலத்தைச் சூடேற்றிக்கொள்கின்றன. சென்றடைந்ததும் மின்சாரம் விரைந்து ஏறுகிறது. இதனை அறியாதவர், உறைந்த மின்கலத்தோடு சென்று செருகுவார். முதலில் வரும் மின்சாரம் மின்கலத்தைச் சூடாக்குவதிலேயே செலவாகும். அளவுமுள் நகராததைக் கண்டு, மின்னேற்றியைப் பழிப்பார். மின்சாரம் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை காத்திராமல், பாதியளவு இருக்கும்போதே ஏற்றிக்கொள்வதும் குளிர் நாட்டார் கைக்கொள்ளும் நல்வழக்கம்.

ஆனால் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. வீட்டில் செருகி வைக்க வசதியுள்ளவர் குளிரை எளிதில் வெல்கிறார். அடுக்குமாடியில் குடியிருந்து, பொது மின்னேற்றியை மட்டுமே நம்பி வாழ்பவர்தான் பனியில் வரிசை நிற்கிறார். ஆகவே பொது மின்னேற்றிகளைப் பழுதின்றிப் பேணுவது, வசதி குறைந்த உழைப்பாளிக்குச் செய்யும் நீதியாகும். ஓட்டுநரின் முன்னேற்பாடும், நிலையத்தாரின் பராமரிப்பும் ஒருங்கே அமைந்தால், எந்தக் குளிரிலும் மின்னேற்றியை நம்பலாம் என்பதே நார்வே நமக்குக் காட்டும் உண்மை.

மாணவர்களே! ஒரு பொருள் இயங்கவில்லை என்றால், உடனே அதன்மேல் பழி சுமத்தாது, ஏன் என்று வினவுங்கள். சிக்காகோவில் நின்ற கார்களைப் பற்றி அவ்வாறு வினவியதால்தான், பென்சில் கரிக்குள் புகும் அயனிகள் வரை நாம் இன்று சென்று வந்தோம்.