கத்திரி வெயிலும் கல்கிணறும்

செங்கத்துக்கு வடக்கே ஜவ்வாது மலை. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி இறங்கும் என்பதால், மேலே ஜமுனாமரத்தூரில் மே மாதத்துச் சாயங்காலம்கூட இதமாக இருக்கும். அடிவாரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரியில் திருப்பித் தருகிறது. லீவு விட்டதும் பிள்ளைகள் ஓடுவது கிணற்றுக்குத்தான்.

உடம்பு 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். கடும் வெயிலில் அதற்கு இருக்கும் பெரிய துணை வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் ஆவியாக வேண்டும். புழுக்கத்தில் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பிரயோஜனமில்லை. உடல் சூடு 40ஐத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மோரோ இளநீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணமும் உண்டு. வெயிலுக்கு அரசாணை வந்துவிட்டது. அந்த வெயில் துரத்திக்கொண்டு போய்த் தள்ளும் கிணற்றைப் பற்றிப் பேச்சு குறைவு.

பாறையை வெட்டி இறக்கிய விவசாயக் கிணறு மழைக்காலத்தைவிடக் கோடையில்தான் பொல்லாதது. நீர்மட்டம் இறங்கியதும் படிகள் அந்தரத்தில் நின்றுவிடும். குதிக்கத் தெரிந்தவனுக்கும் ஏறி வரப் பிடிமானம் இருக்காது. போன மாதம் பத்தடி ஆழத்தில் கிடந்த பாறைத் திட்டு இப்போது முழங்கால் ஆழத்தில், கலங்கிய தண்ணீருக்குள் மறைந்திருக்கும். தலைகீழாகப் பாய்கிறவனின் கழுத்து அதில்தான் போய் மோதும். ஏரிகளிலோ மண் எடுத்த பள்ளங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பவர் அடுத்த அடியில் காணாமல் போவார்.

முழுகுகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்கக் கடற்கரைக் காவலர் ஃபிராங்க் பியா, நிஜமாகவே முழுகியவர்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது கண்டது வேறு. வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஒரு நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதவில்லை. கத்த ஏது மூச்சு? கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருப்பதால் ஆட்டவும் முடியாது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். பம்ப்செட் ஓடும் சத்தத்தில், கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

கண்டவுடன் குதிப்பதும் ஆபத்து. பயத்தில் இருப்பவர் காப்பாற்ற வந்தவரையும் பிடித்து அமுக்குவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் யோசிக்கவில்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இருவர் பிழைத்தார்கள், இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. சேலை, வேட்டி, தாம்புக்கயிறு, மூடிய காலி கேன் என எது கையில் கிடைத்தாலும் வீசலாம்.

வெளியே எடுத்த பிறகு காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது, வாட்ஸ்அப்பில் வருகிறபடி உப்பில் புதைப்பது எல்லாம் வீண். இருக்கும் சில நிமிடத்தையும் தின்றுவிடும். குறைந்திருப்பது ஆக்சிஜன். ஆகவே மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும்: 30 அழுத்தத்துக்கு 2 ஊதல்.

கிணற்றுக்குப் போகாதே என்று அதட்டினால் பிள்ளைகள் தெரியாமல் போவார்கள். வங்கதேசம் வேறு வழி பார்த்தது. கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நீச்சலும் மீட்பும் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றவர்களிடையே முழுகிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் ஊர்களில் மாமனோ சித்தப்பாவோ முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்ட பாடமும் இதுதான். இப்போது குடுக்கைக்குப் பதில் எண்ணெய் கேன். கரையில் நிற்கத்தான் மாமன்கள் இல்லை, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.