ஏன் இத்தனை முறை சொட்டு மருந்து?

கோவளம் மீனவர் குப்பமானாலும் செங்கல்பட்டு பேருந்து நிலையமானாலும், போலியோ முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “போன தடவைதானே போட்டோம், மறுபடியும் எதுக்கு?” குழந்தையின் சுண்டுவிரலில் மை வைக்கும் ஊழியர், “எத்தனை தடவை போட்டாலும் நல்லதுதாம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கவனிப்பார். அந்தப் பதிலுக்குப் பின்னால் வேலூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி இருக்கிறது.

போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடலில் பெருகினால்தான் உடல் எதிர்ப்பு சக்தியை உருவாக்கும். மேலை நாடுகளில் மூன்று தவணை கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அதே மூன்று தவணை இங்கும் போதும் என்றே பலரும் நம்பினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அப்படி நம்பிவிடவில்லை. குழந்தை மருத்துவம் படித்து வைரஸ் ஆய்வுக்கு வந்தவர் அவர். சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, பலருக்கு எதிர்ப்பு சக்தியே உருவாகவில்லை என்பது தெரிந்தது. குடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு வைரஸ்கள் தடுக்கின்றன என்ற எளிய விளக்கமும் பொருந்தவில்லை. இந்த முடிவுகளை அவர் 1972-ல் வெளியிட்டார். வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து அவரும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1991-ல் எழுதிய கட்டுரை, மூன்று தவணைக்குப் பிறகு கிடைத்த சராசரிப் பலனைக் காட்டியது. போலியோ வைரஸின் மூன்று வகைகளில் முதல் வகைக்கு எதிராக 73 சதவீதம், இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70. அதாவது, தவணை தவறாமல் மருந்து பெற்றவர்களிலும் நான்கில் ஒரு குழந்தைக்கு முதல் வகையிடமிருந்து பாதுகாப்பு இல்லை.

இதற்கு அவர் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, தவணைகளைக் கூட்டுவது. இரண்டாவது, ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பது. கியூபா, பிரேசில் நாடுகள் பெருந்திரள் முகாம்களால் பலன் கண்டிருந்தன. வேலூரில் இம்முறையால் போலியோ கட்டுப்பட்டதை ஜானும் சகாக்களும் 1983-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். இதே முறையிலான ‘பல்ஸ் போலியோ’ திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது 1995-ல்தான்.

மூன்றாவது வழி நுட்பமானது. மூன்று வகை வைரஸும் கலந்த மருந்தில் இரண்டாம் வகை முந்திக்கொண்டு மற்ற இரண்டின் வளர்ச்சியைக் குறைத்துவிடும். ஒரே வகையைத் தனியாகக் கொடுத்தால் பலன் கூடும் என்பதை வேலூர் ஆய்வு 1976-லேயே சுட்டியது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் முதல் வகை அடங்க மறுத்தபோது, 2005-ல் ஒற்றை வகை மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 2010-ல் இருவகை மருந்தும் சேர்ந்தது. இயற்கையாகப் பரவும் வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

உயிருள்ள மருந்து, அபூர்வமாக, தானே இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதால் செயலிழக்கச் செய்த வைரஸ் கொண்ட ஊசி மருந்து வேண்டும் என்றும் ஜான் நெடுங்காலம் வாதாடினார். தேசியத் திட்டத்தில் அந்த ஊசி 2015 நவம்பரில்தான் சேர்ந்தது.

போலியோவோடு அவர் நின்றுவிடவில்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் ஜானின் ஆய்வகத்தில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரியவந்தது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் மருத்துவர்கள் தாங்கள் கண்ட தொற்றுநோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் கண்காணிப்பு முறையை ஜானின் குழு நடத்திக் காட்டியது. வளரும் நாடுகளுக்கு அது முன்மாதிரி என 1998-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். மலிவான இந்த ஏற்பாட்டை எல்லா மாவட்டங்களும் அப்போதே ஏற்றிருந்தால், பின்னால் வந்த கொள்ளைநோய்களை இன்னும் முன்னதாக அறிந்திருக்கக்கூடும்.

வேறு நாட்டில் பலித்த கணக்கை இங்குள்ள குழந்தையின் ரத்தத்தில் சோதித்துப் பார்த்ததே ஜானின் பெரிய பங்களிப்பு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கைப் போலியோ வைரஸ் இன்னும் ஒழியவில்லை; அது மீண்டும் இங்கு வரக்கூடும். எனவே, பிறந்தவுடனும் 6, 10, 14-வது வாரங்களிலும் சொட்டு மருந்து, 6, 14-வது வாரங்களிலும் 9-வது மாதத்திலும் ஊசி, ஒன்றரை வயதையொட்டி ஊக்கத் தவணை: இவற்றில் எதையும் தவறவிடாதீர்கள். முகாம் அறிவித்தால், முன்பே போட்டிருந்தாலும் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.