அம்பாசிடருக்கு ஈடு எது? அளவுகோலுடன் அலைந்த அண்ணாச்சி!

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் கடந்த 3 மாதமாக, துணி அளக்கும் அளவுகோல் ஒன்றை கையில் வைத்துக்கொண்டு பழைய கார் விற்கும் இடங்களை எல்லாம் சுற்றி வந்தார்.

விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றும் கேட்கவில்லை. நேராக போய் கதவை திறப்பார். அளவுகோலை தரையில் ஊன்றுவார். சீட்டின் விளிம்பு எதுவரை வருகிறது என்று குனிந்து பார்ப்பார். உதட்டை பிதுக்கிவிட்டு அடுத்த காருக்கு போய்விடுவார்.

"பெரியவரே, கார் வாங்க வந்தீங்களா, சட்டை தைக்க வந்தீங்களா?" என்று புரோக்கர்கள் கிண்டல் செய்தார்கள்.

அந்த அளவுகோலில் சாக்பீசால் போட்ட ஒரு கோடு இருந்தது. வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடர் காரின் முன் சீட்டு உயரம் அது. அதே உயரத்தில் சீட்டு உள்ள கார்தான் வேண்டும் என்பது அண்ணாச்சியின் பிடிவாதம்.

பிடிவாதத்துக்கு காரணம், வாரத்துக்கு 2 நாள் ஆஸ்பத்திரிக்கு போகவேண்டிய அவருடைய மனைவி.

வயது 40

அண்ணாச்சிக்கு வயது 71. நெல்லை சீமையில் இருந்து சிறுவனாக பட்டணத்துக்கு வந்து, இன்னொருவர் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு சொந்த கடை போட்டவர்.

1991-ல் ஒரு டாக்டரிடம் இருந்து அந்த காரை வாங்கினார். 1986-ம் ஆண்டு மாடல். 'மார்க்-4' பெட்ரோல் வண்டி. 1,489 சி.சி. என்ஜின். கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். முன்னால் ஒரே பலகை போல நீள சீட்டு. டிரைவரோடு 3 பேர் தாராளமாக உட்காரலாம். கல்யாண வீட்டுக்கு போகும்போது 4 பேரும் உட்கார்ந்தது உண்டு.

கொத்தவால்சாவடியில் காய்கறி மார்க்கெட் இருந்த காலத்தில் மூட்டை மூட்டையாக சுமந்த கார் இது. 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியது. காரும் கோயம்பேட்டுக்கு ஓடியது.

தெருவில் யாருக்காவது பிரசவ வலி என்றால் ராத்திரி 2 மணிக்கும் அண்ணாச்சி வீட்டு கதவைத்தான் தட்டுவார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு அந்த கார் கண்ணை கட்டிவிட்டாலும் போகும். ஒரு தடவை ஆஸ்பத்திரி கேட்டை தாண்டுவதற்குள் பின் சீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. அந்த பிள்ளை இப்போது அதே தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறது.

மடங்காத கால்

அண்ணாச்சியின் மனைவிக்கு வயது 66. பல ஆண்டுகளுக்கு முன்பு மாடிப்படியில் விழுந்து இடது முழங்கால் உடைந்தது. அன்று முதல் அந்த கால் சரியாக மடங்குவது இல்லை.

2 ஆண்டுகளாக சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும், சென்டிரல் எதிரே உள்ள அரசு பொது ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். கால் வீங்கும்.

அம்பாசிடரில் அவர் ஏறுவதை பார்த்தால்தான் விஷயம் புரியும். முன் கதவை அகல திறப்பார்கள். வெளியில் கால் ஊன்றியபடியே அவர் சீட்டில் உட்காருவார். இடுப்பு உயரத்துக்கு சரியாக இருக்கும். தாழவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். பிறகு நீள சீட்டில் மெல்ல நகர்ந்து, மடங்காத காலை உள்ளே இழுத்துக்கொள்வார். குறுக்கே கியர் கம்பியோ வேறு தடுப்போ கிடையாது.

செல்போனில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு கார் வருகிறது. ஆனால் எந்த கார் வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். ஒரு நாள் தாழ்வான கார் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மாளை இறக்க 2 பேர் கையை பிடித்து தூக்க வேண்டியதாயிற்று. அப்போது தோள்பட்டை பிசகி 10 நாள் அவதிப்பட்டார். ஆட்டோவில் ஏறவே முடியாது.

வால்டாக்ஸ் ரோட்டில் திக் திக்

இப்படி எல்லாம் இருந்தும் கார் மாற்றும் யோசனை அண்ணாச்சிக்கு கிடையாது. அந்த யோசனையை கொண்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை.

வால்டாக்ஸ் ரோட்டில் கார் போய்க்கொண்டு இருந்தது. முன்னால் இரும்பு கம்பி ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று திடீர் என்று குறுக்கே திரும்பியது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரை போய்விட்டது. கார் நிற்கவில்லை.

மறுபடி மிதித்தார். பயன் இல்லை. கியரை குறைத்து, கை பிரேக்கை பலம் கொண்ட மட்டும் இழுத்தார். கம்பி நுனிக்கும் கண்ணாடிக்கும் ஒரு முழ தூரம் இருக்கும்போது கார் முனகிக்கொண்டே நின்றது.

கம்பி நுனி நேராக இருந்தது, அவருடைய மனைவி உட்கார்ந்திருந்த பக்கம்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "மெதுவா போங்க, நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். அண்ணாச்சிக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது. அதே ஆண்டில் இது இரண்டாவது தடவை. வழக்கமாக பார்க்கும் மெக்கானிக் ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கி போட்டு சரி செய்தார். பிறகு அவர் சொன்னதாவது:-

"அண்ணாச்சி, என்ஜினை நான் பார்த்துக்கறேன். அது இன்னும் 20 வருஷம் ஓடும். ஆனா ரப்பர் சாமான் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லே. கம்பெனி சாமான் வர்றது நின்னு போச்சு. யாரோ எங்கேயோ செஞ்சதைத்தான் மாட்டறேன். இப்ப பெட்ரோல்லே வேற ஸ்பிரிட் கலக்கறாங்க, கார்புரேட்டர் வாஷரு, டியூபு எல்லாம் ஊறிப்போகுது. ஒரு கடைக்காரருக்கு ஓட்டச்சொல்லி குடுப்பேன். நோயாளியை ஏத்திட்டு போறவருக்கு குடுக்க மாட்டேன்."

மெக்கானிக் சொன்ன 'ஸ்பிரிட்' என்பது எத்தனால். நாடு முழுவதும் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது கலக்கப்படுகிறது. 1986-ல் கார் செய்தவர்கள் இதை கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரூ.600, ரூ.10 ஆயிரம் ஆனது

போதாக்குறைக்கு காரின் பதிவு காலமும் 2026-ல் முடிகிறது. சொந்த காருக்கு முதல் 15 ஆண்டு பதிவு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி புதுப்பிக்க வேண்டும்.

2021-ல் அண்ணாச்சி புதுப்பித்தபோது கட்டணம் ரூ.600. 2022 ஏப்ரலில் அது ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டை தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டு மாதம் ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பெயிண்டு, தகரவேலை, பிரேக் எல்லாம் சேர்த்தால் அரை லட்சத்தை தொடும் என்று மெக்கானிக் கணக்கு போட்டார்.

"ரெண்டு வண்டி வச்சுக்க தெருவில இடம் இல்லப்பா. ஒண்ணை முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார், துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் மகன்.

புதிதாக வாங்க முடியாதா?

புதிதாக ஒரு அம்பாசிடர் வாங்கலாம் என்றால் அந்த வண்டியே இப்போது கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை பார்த்து, இந்துஸ்தான் மோட்டார் கம்பெனி மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்துவந்த கார் அது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி, 2014 மே மாதம் நின்றது. மந்திரியில் இருந்து தாசில்தார் வரை ஏறிய காரை கடைசி ஆண்டில் நாடு முழுவதும் வாங்கியவர்கள் சுமார் 2,200 பேர்தான். 2017-ல் 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் பிரான்சு நாட்டு பியூஜோ கம்பெனி ரூ.80 கோடிக்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி! வண்டி வந்தபாடில்லை.

மாற்றும் நின்று போச்சு

அண்ணாச்சி தேடலை தொடங்கினார். அளவுகோல் எம்.சி. ரோட்டில் உள்ள துணிக்கடைக்காரர் ஒருவர் கொடுத்தது.

முதலில் கண்ணில் பட்டது மாருதி 800. கோட்டுக்கு ஒரு சாண் கீழே. அதுவும் 2014-லேயே நின்றுபோன கார். ஆம்னி வேனில் மளிகை சாமான் ஏற்றலாம், ஆனால் அந்த அம்மாளால் எம்பி ஏற முடியாது. உற்பத்தி 2019-ல் நின்றது.

டாட்டா இண்டிகாவை ஒரு புரோக்கர் காட்டினார். 'அம்பாசிடர் அளவுக்கு உள்ளே இடம், மாருதி 800 அளவுக்கு விலை' என்று திட்டம் போட்டு ரத்தன் டாட்டா கொண்டுவந்த கார் அல்லவா? அண்ணாச்சிக்கு ஆசை வந்தது. இடம் இருந்தது. உயரம் இல்லை. அந்த காரும் 2018-ல் நின்றுவிட்டது. குவாலிஸ் 2005-ல் போனது. டாக்சிக்காரர்கள் கொண்டாடிய எட்டியோஸ் 2020-ல் போனது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ ஒரு தடவை நின்று, திரும்ப வந்து, 2022-ல் மறுபடியும் நின்றது.

"நான் போய் தொடுற வண்டி எல்லாம் நின்னு போன வண்டியாவே இருக்குடே" என்று மகனிடம் அலுத்துக்கொண்டார் அண்ணாச்சி.

இன்னோவா இன்றும் வருகிறது. அதன் விலையை கேட்டதும் அண்ணாச்சி அளவுகோலை வெளியே எடுக்கவே இல்லை.

கல்கத்தாவில் என்ன செய்தார்கள்?

அம்பாசிடரை நம்பி இருந்த ஊர் கல்கத்தா. அங்கே மஞ்சள் டாக்சி என்றாலே அம்பாசிடர்தான். 15 ஆண்டு முடிந்த வாடகை வண்டிகள் ஓடக்கூடாது என்று 2008-ல் ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. 2014-க்கு பிறகு புது அம்பாசிடரும் வரவில்லை. ஒவ்வொன்றாக மஞ்சள் டாக்சிகள் குறைந்தன.

2025 மார்ச்சில் அங்கே மஞ்சள் பெயிண்டு அடித்த வாகன்-ஆர் கார்களை டாக்சியாக விட்டார்கள். ஊர்க்காரர்கள் மஞ்சள் நிறமாவது மிஞ்சியதே என்று ஆறுதல் பட வேண்டியதுதான்.

இந்த செய்தியை செல்போனில் பார்த்த மகன், "அப்பா, அந்த ஊர்லயே இதைத்தான் விட்டிருக்காங்க. ஒரு தடவை பாருங்களேன்" என்றார்.

கோடு போட்ட மர்மம்

கொளத்தூரில் 2019 மாடல் வாகன்-ஆர் ஒன்று இருந்தது. விலை ரூ.3 லட்சத்து 20 ஆயிரம். அண்ணாச்சி அளவுகோலை ஊன்றினார். கோட்டுக்கு 2 விரற்கடை குறைவு.

"சரிப்படாது" என்று திரும்பினார்.

மகனுக்கு சந்தேகம். அன்று இரவு அளவுகோலை எடுத்துப்போய் வாசலில் நின்ற அம்பாசிடரில் தானே அளந்தார். கோடு, சீட்டுக்கு 2 விரற்கடை மேலே இருந்தது!

"40 வருஷ சீட்டு, அமுங்கி போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. 3 மாதத்தில் சீட்டு இவ்வளவு அமுங்குமா என்று மகன் கேட்டார். "கை தவறி இருக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. கடை கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்து அந்த அம்மாள் குரல் மட்டும் வந்தது. "கோடு போட்டது நீங்க. உக்காரப்போறது நான். நாளைக்கு என்னைய கூட்டிட்டு போங்க."

மறுநாள் அம்பாசிடரிலேயே கொளத்தூர் போனார்கள். வாகன்-ஆரின் முன் சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளினார்கள். கை கொடுக்க வந்த கணவரை அந்த அம்மாள் தள்ளி நிற்கச்சொன்னார். கதவை பிடித்து உட்கார்ந்தார். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். கால் கதவில் இடிக்கவில்லை. இறங்கினார். இன்னொரு தடவை ஏறினார்.

"யாரும் பிடிக்கல. நானாத்தான் ஏறுனேன்" என்றார்.

புரோக்கர் கைதட்டினார். அண்ணாச்சி அம்பாசிடர் மீது சாய்ந்து நின்றபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றே முன்பணம் கொடுக்கப்பட்டது.

அம்பாசிடருக்கு இப்போது 2 பேர் விலை கேட்கிறார்கள். ஒருவர் புதுப்பேட்டையில் பழைய சாமான் வியாபாரி. பிரித்து விற்பார். இன்னொருவர் சினிமா படப்பிடிப்புக்கு பழைய கார் வாடகைக்கு விடுபவர். புதுப்பேட்டைக்காரர் ரூ.8 ஆயிரம் கூடுதலாக தருவதாக சொல்கிறார். சினிமாக்காரருக்கு கொடுக்கலாம் என்கிறார் அண்ணாச்சி. அந்த 8 ஆயிரத்துக்கு 4 மாத மருந்து வரும் என்கிறார் மகன். பேச்சு நடக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாகன்-ஆர் போகிறது. ஓட்டப்போவது மகன். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறார். கீழே இருக்கும் கியரை போட்டு அண்ணாச்சிக்கு பழக்கம் இல்லை.