சாலையின் உறுதிக்குச் சுண்ணாம்பும் சிமெண்டும்

சாலையின் மேற்பரப்பில் விரிக்கப்படும் தார்க்கலவையே வண்டிகளின் பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுவர். உண்மையில் பாரமானது அடித்தளத்தின் வழியே பரவி, இறுதியில் மண்ணையே சென்றடைகிறது. அம்மண் இளகிவிடின், மேற்பரப்பு எவ்வளவு சிறந்ததாயினும் ஒரு மழைக்காலத்திலேயே குழி விழுந்துவிடும்.

வழக்கமாக அடித்தளத்திற்குக் கருங்கல் ஜல்லி பயன்படுகிறது. கங்கைச் சமவெளியில் பல இடங்களில் கல் அரிது. அதனை நெடுந்தொலைவிலிருந்து கொணர வேண்டும். தக்காணத்தில் கல் உண்டு. ஆனால் அங்குள்ள கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கிறது. ஆதலின் அவ்வவ்விடத்து மண்ணையே திருத்திப் பயன்படுத்தும் முறை பெரிதும் வேண்டப்படுகிறது. இதுவே மண்ணை நிலைப்படுத்தல் எனப்படும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1935-ஆம் ஆண்டு சிமெண்டு கலந்த மண்ணால் ஒரு சாலை முறைப்படி அமைக்கப்பட்டது. 1952-இல் டில்லியில் திறக்கப்பட்ட மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு மண்வகைகளைக் கொண்டு இத்துறையில் ஆராய்ச்சி நிகழ்த்தி வந்துள்ளது.

எந்த மண்ணுக்கு எப்பொருள்?

சிமெண்டு நீருடன் கூடித் தானே இறுகி, மண்துகள்களைப் பிணைக்கிறது. எனவே அது மணற்பாங்கான மண்ணுக்கு ஏற்றது. களிமண்ணிலோ அது சீராகக் கலப்பதில்லை. சுண்ணாம்பின் வேலை வேறு வகையானது. அதிலுள்ள கால்சியம் களித்துகள்களின் மேல் ஒட்டியுள்ள வேறு அயனிகளை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது. நுண்துகள்கள் ஒன்றுகூடிப் பொலபொலப்பாகின்றன. மண் உப்புவதும் குறைகிறது. பின்னர் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, பல வாரங்களில் மெல்ல இறுகுகின்றன. மணலில் களி இல்லாமையால் அங்குச் சுண்ணாம்பு மட்டும் இடுவது வீண்செலவேயாகும்.

ஈர மண்ணை உள்ளங்கையில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக உடையாமல் உருட்ட இயலுமாயின் அதில் களி உண்டு என அறியலாம். ஆய்வுச்சாலையில் கண்ட குழைவு எண் பொதுவாக 10-க்கு மேற்பட்டால் சுண்ணாம்பைக் கருதலாம். மட்கிய தழைகளோ, ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகளோ மிகுந்த மண்ணை ஆய்வின்றிப் பயன்படுத்தலாகாது. சல்பேட் மிகுந்தால், இறுகிய தளமே பின்னர் உப்பி எழும்பக்கூடும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

கரிசல் மண்ணுக்கு உலர்ந்த எடையில் 3 முதல் 5 சதவிகிதம் வரை சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். சரியான அளவை ஆய்வே முடிவு செய்யும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 15 சென்டிமீட்டர் கனத்திற்கு ஏறக்குறைய 255 கிலோகிராம் உலர்மண் அடங்குமெனக் கொண்டால், 4 சதவிகிதத்திற்கு 10 கிலோகிராம் சுண்ணாம்பு தேவை. 3.75 மீட்டர் அகலமுள்ள சாலையில் 100 மீட்டர் நீளத்திற்கு இது ஏறத்தாழ 3,800 கிலோகிராம் ஆகும்.

சுண்ணாம்பைத் திறந்த வெளியில் குவித்து வைத்தலாகாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். அதனால் பயன் இல்லை. ஒரு சிட்டிகையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட, அது மிகுதியாக நுரைப்பின் அச்சுமையை ஆய்வுக்கு அனுப்பாமல் பயன்படுத்தற்க.

மண்கட்டிகளை நன்கு உடைத்த பின்னரே கலத்தல் வேண்டும். சிமெண்டுக் கலவையாயின், கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உருளையால் இறுக்கி முடித்தல் வேண்டும். பிந்தினால், உருவாகி வரும் பிணைப்பை உருளையே உடைத்துவிடும். சுண்ணாம்புக் கலவை சிறிது அவகாசம் தரும். எதுவாயினும், பின்னர் ஏழு நாள் தளத்தை ஈரமாகவே வைத்து, வண்டிகளை விலக்குதல் வேண்டும். சுண்ணாம்பு தூவுவோர்க்குக் கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. கண்ணில் பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

கரிசல் மண்ணில் இரண்டு உருண்டைகள் செய்க. ஒன்றில் மட்டும் இருபதில் ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்க்க. சுண்ணாம்பை ஆசிரியரே கையாளுதல் நலம். இரண்டையும் ஏழு நாள் ஈரச்சாக்கில் மூடி வைத்து, நிழலில் உலர்த்தி, நீரில் இடுக. ஒன்று கரைந்து சேறாகும். மற்றொன்று பெரிதும் உருக்குலையாது நிற்கும். மழைக்காலத்தில் ஒரு கிராமச் சாலை அடையும் கதியை மாணவர் இதனினும் தெளிவாக அறிதல் அரிது.