நள்ளிரவில் நடக்கும் பாங்கிக் கணக்கு!

மாலையில் பாங்கியைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கோ அதன் பிறகுதான் பெரிய வேலையே!

அன்றைய வரவு, செலவு எல்லாவற்றையும் அது சரிபார்க்க வேண்டும். வட்டியும் போட வேண்டும். முன்பெல்லாம் சேமிப்புக் கணக்கில், மாதத்தின் 10-ந் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடுகிறார்கள். நமக்கு லாபம்தான். கம்ப்யூட்டருக்கு வேலை பெருகிவிட்டது!

இந்த வேலைக்கு யாரும் கண் விழித்துக் காத்திருப்பதில்லை. இன்ன மணிக்கு இன்ன வேலை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். நேரம் வந்ததும் அது தானே தொடங்கிவிடும்.

ஏன் இரவில்?

கணக்குகள் எல்லாம் "டேட்டாபேஸ்" என்ற தகவல் களஞ்சியத்தில் இருக்கின்றன. அதை ஒரு பெரிய பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிக்கொண்டிருந்தால், தன் கணக்கைப் பார்க்க வந்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதானே?

ஆனால் இப்போது இரவும் ஓய்வாக இல்லை. "நெப்ட்" முறையில் 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும் பணம் அனுப்பலாம். எனவே பின்னணி வேலையைப் பக்குவமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

அனுபவம் இல்லாதவர்கள் எல்லா வேலைகளையும் சரியாக 12 மணிக்கே வைத்துவிடுவார்கள். ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம் வைத்தால் சமையல்காரர் எங்கே கிடைப்பார்? விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை 12-10-க்கும், அடுத்ததை 12-40-க்கும் வைக்கிறார்கள். லட்சம் கணக்குகளை ஒரே மூச்சில் எடுக்காமல், ஆயிரம் ஆயிரமாக முடிக்கிறார்கள். இடையிடையே மற்றவர்களுக்கு வழி கிடைக்கும். வெறுமனே படித்துப் பார்க்கும் வேலைகளுக்குக் களஞ்சியத்தின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், அடுத்ததைத் தொடங்க விடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இரண்டுமே நின்றுவிடும்!

65 லட்சம் பேர் தவிப்பு

இந்த ஒழுங்கு கெட்டால் என்ன ஆகும்? 2012 ஜூனில் பிரிட்டனில் அது நடந்தது.

இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் புரோகிராமை, ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து குழுமம் ஜூன் 17-ந் தேதி புதுப்பித்தது. கோளாறு தெரிந்ததும் புதியதை எடுத்துவிட்டார்கள். எடுத்தால் என்ன விளையும் என்று முதலில் சோதித்துப் பார்க்கவில்லை! இரவு வேலைகள் தேங்கிப்போயின.

65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். இருப்பு எவ்வளவு என்று சரியாகத் தெரியவில்லை. வீட்டுக் கடன் தவணையை நேரத்தில் கட்ட முடியவில்லை. வெளிநாடு போனவர்கள் கையில் காசின்றித் தவித்தார்கள். சில கம்பெனிகளில் சம்பளமே போட முடியவில்லை.

அந்தக் குழுமத்தைச் சேர்ந்த அல்ஸ்டர் பாங்கின் முறை, வரிசையில் மற்றவற்றுக்குப் பிறகுதான் வரும். அதனால் மற்ற பாங்கிகளில் பெரும்பாலும் ஜூன் 26-ந் தேதி சீரானது, அங்கே சீராக ஜூலை 10-ந் தேதி ஆகிவிட்டது.

2014 நவம்பரில் பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த அபராதம் 5 கோடியே 60 லட்சம் பவுன்!