மணலுக்குள் 42 வருடம்... வீட்டு ஷெட்டில் 15 வருடம்!

காரை யாராவது புதைப்பார்களா? வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரையில் புதைத்தார்கள். 1927-ம் வருடம் அது. சீட்டின் தோலைக் கிழித்தார்கள். மீட்டர்களை அடித்து நொறுக்கினார்கள். பிறகு மணலில் பள்ளம் தோண்டி, அந்த ராட்சத காரை உள்ளே இறக்கி மூடிவிட்டார்கள்.

அந்த காரின் பெயர் பேப்ஸ். அது செய்த குற்றம், தன்னை ஓட்டியவரின் உயிரைப் பறித்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பழி உண்மைதானா? பதில் தெரிய 42 வருடமும், ஒரு வாத்தியாரின் பொறுமையும் தேவைப்பட்டன.

விமான இன்ஜினில் ஓடிய கார்

பேப்ஸை முதலில் உருவாக்கியவர் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற இளம் பணக்காரர். கார் பைத்தியம் என்றே சொல்லலாம். அவர் கட்டிய இன்னொரு காரின் பெயரிலிருந்துதான் 'சிட்டி சிட்டி பேங் பேங்' என்ற புகழ்பெற்ற குழந்தைகள் கதையே பிறந்தது. 1924-ல் இத்தாலியில் நடந்த பந்தயத்தில் அவர் இறந்துபோக, அவருடைய காரை 125 பவுண்டுக்கு வாங்கினார் பாரி தாமஸ். வேல்ஸில் பிறந்தவர், லேலண்ட் நிறுவனத்தின் தலைமை இன்ஜினீயராக இருந்தவர்.

அந்த காருக்குள் இருந்தது, முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்க 'லிபர்ட்டி' விமான இன்ஜின். 12 சிலிண்டர், 27 லிட்டர். நம் ஊர் மாருதி 800-ன் இன்ஜின் ஒரு லிட்டர்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பிரமாண்டம் புரியும். ஒரு பிஸ்டனின் அகலமே கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். சைக்கிளில் இருப்பதுபோலவே, ஆனால் பல மடங்கு தடிமனான சங்கிலிகள்தான் பின் சக்கரங்களைச் சுற்றின.

பாரி தாமஸ் அந்த காரை மாற்றியமைத்து, 'பேப்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்தார். 1926 ஏப்ரல் 28 அன்று பென்டைன் கடற்கரையில் மணிக்கு சுமார் 275 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த பிப்ரவரியில் அதே கடற்கரையில் மால்கம் கேம்பெல் 280 கிலோமீட்டரைத் தாண்டி அந்த சாதனையை முறியடித்தார்.

இழந்ததை மீட்க 1927 மார்ச் 3 அன்று பேப்ஸோடு மீண்டும் வந்தார் பாரி தாமஸ். முழு வேகத்தில் பாய்ந்த கார் நிலைகுலைந்து உருண்டது. தலையில் பலத்த அடிபட்ட அவர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அறுந்த சங்கிலிதான் அவரைத் தாக்கியது என்று ஊரும் உலகமும் முடிவுகட்டின. அவருடைய உடல் இங்கிலாந்தின் பைஃப்லீட் கிராமத்துத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பேப்ஸ் மணலுக்குள் போனது.

தோண்டலாமா, கூடாதா?

பல ஆண்டுகள் ஓடின. பென்டைன் கடற்கரையின் அந்தப் பகுதி ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. கார் அங்கே கிடக்கிறது என்ற செய்தி மட்டும் மறையவில்லை.

அதை மறக்காதவர்களில் ஒருவர் ஓவன் வின் ஓவன். வடக்கு வேல்ஸின் பேங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினீயரிங் ஆசிரியர். மலைகளுக்கு நடுவே இருக்கும் கேப்பல் கூரிக் என்ற சிற்றூரில் வீடு. பேப்ஸை வெளியே எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. ஒருவர் உயிர்விட்ட கார். அது நிம்மதியாகக் கிடக்கட்டுமே என்பது ஒரு பக்கத்து நியாயம். இப்படியே விட்டால் இரும்பு மண்ணாகிவிடும், ஒரு பெரிய இன்ஜினீயரின் கைவேலை அடையாளமில்லாமல் அழிந்துபோகும் என்பது இன்னொரு பக்கத்து நியாயம்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. 1969-ல் பேப்ஸ் வெளிச்சத்தைப் பார்த்தது.

காற்றே எதிரி

வெளியே வந்தது காரல்ல, காரின் எலும்புக்கூடு. மேல்தகடுகள் பெரும்பாலும் அரித்துப் போயிருந்தன. ஆனால் அடிச்சட்டமும் இயந்திர பாகங்கள் பலவும் மீட்கக்கூடிய நிலையில் இருந்தன.

கடல் மணலில் கிடந்த இரும்புக்கு ஓர் ஆபத்து உண்டு. மணலுக்குள் காற்று குறைவு; துருவும் மெதுவாகத்தான் ஏறும். உப்பு ஊறிய இரும்பு வெளிக்காற்று பட்டதும் வேகமாக அரிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே எடுப்பதோடு வேலை முடியாது. எடுத்த நாளிலிருந்துதான் அவசரமே தொடங்கும்.

இறுகிப்போன ஒரு நட்டைக் கழற்ற எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, பதமாகச் சூடேற்றித் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் போல்ட் முறிந்துவிடும். கழன்று வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் கேள்விகள் மூன்று: இப்படியே வைக்கலாமா? சரிசெய்து வைக்கலாமா? புதிதாகச் செய்ய வேண்டுமா? எல்லாவற்றையும் புதிதாகச் செய்துவிட்டால் அது பேப்ஸ் இல்லை. பேப்ஸ் மாதிரி இன்னொரு கார். எதையுமே மாற்றாவிட்டால் அது ஓடாது. பழைய காரை மீட்பவர்களின் கஷ்டமே இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான்.

அதோடு, உலகத்தில் பேப்ஸ் ஒன்றே ஒன்றுதான். கடையில் கேட்டு வாங்க ஸ்பேர் கிடையாது. மேல்பகுதியைப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. பாடம் நடத்திய நேரம் போக, மற்ற நேரத்தை எல்லாம் அந்த இரும்புக்குக் கொடுத்தார் ஓவன். சுமார் 15 வருடம்! தோண்டியபோது நாற்பதுகளின் நடுவில் இருந்தவர், முடித்தபோது அறுபதை எட்டிக்கொண்டிருந்தார்.

சக்கரம் சொன்ன சாட்சி

பாகம் பாகமாகப் பிரிக்கும்போது ஒரு கார் தன் கதையைத் தானே சொல்லும். எது வளைந்திருக்கிறது, எது எந்தப் பக்கம் முறிந்திருக்கிறது என்பதெல்லாம் சாட்சிகள். வெளியே எடுத்த பேப்ஸை ஆராய்ந்தபோது, சங்கிலிக் கதையின் மேல் சந்தேகம் விழுந்தது. முதலில் உடைந்தது வலது பின்சக்கரமாக இருக்கலாம், சங்கிலி அறுந்தது அதன் விளைவாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. இதுதான் இறுதித் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மணலுக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கக்கூட முடியாது.

அந்த 27 லிட்டர் இன்ஜின் மறுபடியும் உறுமியது. இன்று பென்டைன் வேக அருங்காட்சியகத்திலும், பாரி தாமஸ் வாழ்ந்த புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் உள்ள அருங்காட்சியகத்திலும் பேப்ஸை மக்கள் பார்க்கிறார்கள். ஓவன் 2012-ல் மறைந்தார்.

பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்குவதற்கு மட்டும் 15 வருடம் தேவையில்லை. எதையும் தூக்கி எறியாமல், ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்பதற்குத்தான் அவ்வளவு காலம் ஆகும். அப்படிக் கேட்க ஒருவர் இருந்ததால்தான், தண்டனை வாங்கிப் புதைக்கப்பட்ட கார் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடிந்தது.